தங்கபுஷ்பம் என்ன சொன்னா

என் குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்குன்னுதான பாக்கிய? கண்டக்டர்ட்ட "நாரணபுரம் ஒண்ணு"ன்னு நான் டிக்கெட் கேட்டதும் வெடுக்குன்னு திரும்பினிய பாருங்க, அப்பவே நினைச்சேன், அண்ணாச்சி இந்தப் பக்கத்து ஆளுதான்னு. என் மூஞ்சி ஒருத்தனுக்கும் தெரியாது. வாயத் திறந்தா போதும். "அன்பார்ந்த பொதுமக்களே..." ஆங், சிரிக்கியள்லா. அதே ஆளுதான். மருதடியூர் மைக்செட் இசக்கிராஜ். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கரண்டு கட்டு, கட்சிக் கூட்டம், அம்மன் கொடை, சாவு எல்லாத்துக்கும் ஆட்டோவுல ஸ்பீக்கர் குழாயக் கட்டிக்கிட்டு தெருத்தெருவாப் போய்ச் சொல்லுதது நான்தான். சுத்துப்பட்டுல ஒரு உயிர் போச்சுன்னா எமனுக்கு அடுத்தபடியா எனக்குத்தான் தகவல் வரும்.

கொஞ்சம் நகந்து உக்காருங்க. பையில மிக்சர் இருக்கு, நொறுங்கிரும். சகலை வீட்டுக்குக் கொண்டு போறேன். சகலை வீட்டுக்கு இசக்கிராஜ் மிக்சர் வாங்கிட்டுப் போறான்னு சொன்னா எங்க ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டான். நீங்க நம்புதிய, ஏன்னா உங்களுக்கு விவரம் தெரியாது. என் பொண்டாட்டி காணாமப் போன கேசு கேள்விப்படலையா? யூடியூப்ல கூட வந்துச்சே. பாக்கலையா? சரி விடுங்க, நானே சொல்லுதேன். வீடியோவ விட நல்லாச் சொல்லுவேன். நாரணபுரம் வர்றதுக்கு இன்னும் நேரம் கிடக்கு.

அவ பேரு தங்கபுஷ்பம். எங்க ஊரு அங்கன்வாடியில ஆயா. பிள்ளைகளுக்குச் சோறு பொங்குவா, முட்டை அவிப்பா, மூக்கச் சிந்தி விடுவா. எங்க ஊர்ல மீசை முளைச்சவன்ல பாதிப் பேரு அவ கையால சோறு தின்னவன்தான். மகன் ஒருத்தன், கப்பல்ல வேலை. கடல்ல இருக்கையில போன் கிடைக்காது. அதனால வீட்டுல நாங்க ரெண்டே பேரு. சண்டையா? சேச்சே. எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. அவ பேச மாட்டா. நான்தான் பேசுவேன். அவ்வளவு ஒத்துமை.

அன்னைக்கு எங்க ஊர்ல அம்மன் கொடைக்குப் பந்தக்கால் நாட்டி முடிச்ச மறுநாள். அங்கன்வாடிக்கு மே மாச லீவு. புதுசா ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருந்தேன். காலையில அதத்தான் நடையில வச்சு சோதிச்சுக்கிட்டிருந்தேன். காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு. என் தொழிலுக்குக் கண்ண மூடிரணும் அண்ணாச்சி, கண்ணத் திறந்தா காது பாதி மூடிரும். அப்ப புஷ்பம் வந்து ஏதோ சொல்லிருக்கா. இது எனக்குப் பின்னால தெரிஞ்ச சங்கதி. அதுக்கு அப்புறம் வருவோம்.

மத்தியானம் வந்தேன். அடுப்புல சோறு இருந்துச்சு, பக்கத்துல சாளைமீன் குழம்பு மூடி இருந்துச்சு. போட்டுச் சாப்பிட்டேன். படுத்தேன். எந்திரிச்சேன். காப்பி வரல. கூப்பிட்டுப் பாத்தேன். அப்பவும் வரல. அப்பத்தான் எனக்குத் திக்குன்னுச்சு. பொண்டாட்டியக் காணும்.

பாத்தா செருப்பு இல்ல. கட்டைப்பை இல்ல. போன் மட்டும் சார்ஜர்ல தொங்கிட்டுக் கெடக்கு. பக்கத்து வீட்டு ராஜகனிகிட்டக் கேட்டேன். அவ என்ன சொன்னாத் தெரியுமா? "காலையில உங்ககிட்டத்தான் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு நின்னா. நீங்களும் தலைய ஆட்டிக்கிட்டிருந்தியளே அண்ணாச்சி. அப்புறம் சிரிச்ச முகமா பையத் தூக்கிட்டுப் போனா"ங்கா. நான் தலைய ஆட்டினது ஆம்ப்ளிஃபயருக்கு. புது மிசினு, நல்லா எடுத்துச்சு, ஆட்டாம என்ன செய்ய?

இப்ப நீங்க கேப்பிய, சொந்தக்காரங்க வீட்டுல விசாரிக்கலையான்னு. எல்லாரும் அதத்தான் கேட்டாவ. டீக்கடை நயினார் கேட்டாரு. ஆட்டோ ஓட்டுத கொம்பையா கேட்டான். ஸ்டேஷன்ல ஏட்டையா பேனாவத் திறக்கும் முன்னால கேட்டாரு. புஷ்பத்துக்கு இருக்கது ஒரே ஒரு அக்கா, நாரணபுரத்துல. அவ புருஷன் பரமசிவம், என் சகலை. அவன்கிட்ட நான் பேசி ரொம்ப காலம் ஆச்சு. ஏன்னு கேளுங்க. அவன் பேத்திக்குக் காதுகுத்து வச்சான். சொந்தச் சகலை நான் மைக்செட் வச்சிருக்கேன். அவன் சங்கரன்கோவில்ல இருந்து டிஜிட்டல் சவுண்டுன்னு ஒருத்தனக் கூட்டிட்டு வந்தான். அந்தப் பய "காதணி விழா"வ "காதனி விலா"ங்கான். பந்தியில உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன், சோறு இறங்குமா? பாதி இலையில எந்திரிச்சு வந்தவன்தான். அவன்கிட்டப் போய் "என் பொண்டாட்டி அங்க வந்தாளா"ன்னு நான் கேக்கவா? என் மானம் என்ன ஆகுறது?

அதனால எல்லார்ட்டயும் "விசாரிச்சாச்சு, அங்க இல்ல"ன்னு சொல்லிட்டேன். பொய்னு சொல்லாதிய. மனசுக்குள்ள விசாரிச்சேன். மனசு இல்லன்னு சொல்லுச்சு.

அப்புறம் என்ன, எனக்குத் தெரிஞ்ச வழியில தேடினேன். கொம்பையாவக் கூப்பிட்டேன், குழாயக் கட்டுலேன்னேன். பொழுது சாய முன்னால ஆரம்பிச்சாச்சு. "காணவில்லை, காணவில்லை, காணவில்லை. மருதடியூரைச் சேர்ந்த இசக்கிராஜ் அவர்களின் மனைவி தங்கபுஷ்பம், மாநிறம், நடுத்தர உயரம், காணாமல் போன அன்று பச்சை நிறச் சேலை அணிந்திருந்தார், சற்று மனநிலை சரியில்லாதவர். இவரைக் கண்டவர்கள் உடனடியாகத் தகவல் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

என்ன அப்படிப் பாக்கிய?

அட, மனநிலையெல்லாம் அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. அது அப்படித்தான் வரும். காணவில்லை அறிவிப்புன்னா அது ஒரு அமைப்பு. நிறம், உயரம், சேலை, சற்று மனநிலை சரியில்லாதவர், கண்டவர்கள். நான் தொழிலுக்கு வந்த நாள்ல இருந்து இப்படித்தான் வாசிக்கேன். பாதி அறிவிப்புக்கு அது உண்மையாவே இருக்கும், மீதிக்கு அது பாட்டுக்கு இருக்கும். அந்த இடத்துல அது இல்லன்னா மூச்சு எடுக்க இடம் கிடைக்காது. கண்ண மூடினேன், வாய் அது பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிருச்சு. பச்சைச் சேலையும் அப்படித்தான். காணாமப் போன பொம்பளைக எல்லாம் பச்சைதான் கட்டிருப்பாவ. ராஜகனி ஓடி வந்து ஆட்டோவ மறிச்சு, "அண்ணாச்சி, அவகிட்டப் பச்சையே கிடையாது, காப்பிக் கலர்ல பூப்போட்டதுல்லா கட்டிட்டுப் போனா"ங்கா. ஒருக்க வாசிச்சத மாத்தினா சனங்களுக்குக் குழப்பமாயிரும், போ தாயின்னேன்.

ஆனா பாத்துக்கிடுங்க, ஊரு எந்திரிச்சுருச்சு. கொடைக்குக் கூட அப்படிக் கூட்டம் சேர்ந்ததில்ல. எங்க வீட்டு முன்னால பெஞ்சு போட்டாச்சு. நயினாரு டீ டிரம்ம அங்கேயே கொண்டாந்து வச்சிட்டாரு. நான் நடுவுல உக்காந்திருக்கேன். புஷ்பம் மனநிலை சரியில்லாதவள்னு என் வாயால கேட்டதும், முதல்ல எல்லாரும் "அப்படியா, எங்களுக்குத் தெரியவே தெரியாதே"ன்னாவ. ஒரு டீ குடிச்சு முடிக்கல, எல்லாருக்கும் ஞாபகம் வந்துருச்சு. ஒருத்தி சொல்லுதா, மழை பெய்யும்போது செம்பருத்திக்குத் தண்ணி ஊத்துனான்னு. இன்னொருத்தி, ரேஷன் வரிசையில தானா சிரிச்சிட்டு நின்னான்னு. ஒரு கிழவர் வந்து, "என்னப் பாத்து நல்லாருக்கியளான்னு கேட்டா, அப்பவே எனக்குச் சந்தேகம்"ங்காரு. நானே யோசிச்சுப் பாத்தேன். ஒருநாள் நான் பேசிக்கிட்டிருக்கும்போது பாதியில எந்திரிச்சு வெளிய போய் வானத்தப் பாத்துக்கிட்டு நின்னா. அதையும் சொன்னேன். எல்லாரும் உச்சுக்கொட்டினாவ.

மறுநாள் ஊர்க் கிணத்த இறைக்கணும்னு முடிவாச்சு. மோட்டார் போட்டு இறைச்சாவ. அண்ணாச்சி, உள்ள இருந்து ஒரு சைக்கிள் வந்துச்சு. ரெண்டு குடம் வந்துச்சு. ஒரு ஆட்டுக்கல்லு வந்துச்சு, அத எவன் எதுக்குப் போட்டான்னு இன்னைக்கு வரை தெரியல. சைக்கிள் என்னுதுன்னு மூணு பேரு சண்டை போட்டாவ. புஷ்பம் அங்க இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா கூட்டத்துல பாதிப் பேருக்கு மூஞ்சி கொஞ்சம் வாடினத நான் கவனிச்சேன். அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது, வெயில்ல நின்னாவ.

அப்புறம் வெத்தலையில மை போட்டுப் பாக்க ஒருத்தரக் கூட்டிட்டு வந்தாவ. அவரு வெத்தலைய உத்துப் பாத்து, தெக்க, தண்ணிக்குப் பக்கத்துல, கூட ஒரு நெட்டையான ஆளு நிக்கான்னாரு. நெட்டையான ஆளுன்னதும் சபையில எல்லாரும் பெஞ்ச முன்னால இழுத்துப் போட்டாவ. அந்நேரம் பாத்து பஸ் கண்டக்டர் ஒருத்தன் வந்து, ஆமா, சங்கரன்கோவில் வண்டியில அந்த அம்மா ஏறுனாவ, பக்கத்து சீட்டுல நெட்டையா ஒருத்தன், சட்டை பேண்ட்டு போட்டு டிப்டாப்பா, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசல, அப்படி ஒரு அழுத்தக்காரன், கூட்டத்துல எங்க இறங்குனாவன்னு ஞாபகம் இல்லன்னான்.

சோலி முடிஞ்சுது. எங்க ஊர்ல நெட்டையானவன் மூணே பேரு. மூணு வீட்டுலயும் அன்னைக்குச் சோறு பொங்கல. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், அவரு சம்சாரம் முன்னால சத்தியம் பண்ணாரு. வில்லுப்பாட்டுக்காரரு, எந்தெந்த ஊர்க் கொடையில எந்த நேரத்துல பாடுனேன்னு மூச்சு விடாம ஒப்பிச்சாரு. மூணாவது ஆளு ஈ.பி. லைன்மேன். அவன ரெண்டு நாளா ஊர்ல காணும். "அன்னா இருக்கு"ன்னுட்டாவ எல்லாரும். அவன் எங்க வீட்டுக்கு ஃப்யூசு போட வந்தப்ப புஷ்பம் அவனுக்கு மோரு குடுத்தா, நானே பாத்தேன். ஆளனுப்பிப் பாத்தா, பாவம், அவன் மாமனார் வீட்டுல மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி குடிச்சிட்டுப் படுத்துக் கெடக்கான்.

இத எல்லாம் நான் சும்மா விட்டுருவேனா? காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க ஆட்டோவுல நிலவரம் வாசிச்சேன். "கிணற்றில் இல்லை என்பது உறுதி செய்யப்பட்டது. நெட்டையான நபர் குறித்து விசாரணை தொடர்கிறது." சனங்க வாசல்ல காத்துக்கிட்டு நிக்காவ. யூடியூப் சேனல்காரப் பையன் வந்தான். "மைக்காரர் மனைவி மாயம், பின்னணியில் யார்"னு தலைப்பு. அவன் குரல்ல பசையே இல்ல, நான்தான் எங்க ஏத்தணும் எங்க இறக்கணும்னு சொல்லிக்குடுத்தேன். அந்த நாலஞ்சு நாள் என் குரல் இருந்துச்சு பாருங்க, அப்படி ஒரு கனம் அதுக்கு முன்னாலயும் வந்ததில்ல, இனிமேலும் வராது. ராத்திரி படுத்தாத்தான் வீடு ஒரு மாதிரி இருக்கும். நான் ஒண்ணு சொல்லிட்டு, யாரும் இல்லன்னு ஞாபகம் வந்து வாய மூடிக்கிடுவேன்.

கொம்பையா ஒருநாள் சொன்னான், "மாமா, சங்கரன்கோவில் பஸ்ஸு போற வழியிலதான நாரணபுரம்." அந்த வழியில நாப்பது ஊரு கெடக்கு, அதுல ஒண்ணு மட்டும் உனக்குத் தெரியுதாலேன்னு கேட்டேன். அவன் விடல. "அப்ப நாப்பது ஊருலயும் வாசிப்போம்"னான். அது நியாயம். ஊர் ஊரா அறிவிக்கதுல நாரணபுரமும் ஒண்ணு, அவ்வளவுதான். சகலை கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. பொதுவா அறிவிக்கேன். அவன் காதுல விழுந்தா அது அவன் காது.

நாரணபுரத்துல ஆட்டோ நுழையுது. நான் கண்ண மூடிட்டேன், வாசிக்க ஆரம்பிச்சிட்டேன். காணவில்லை, காணவில்லை. மாநிறம், நடுத்தர உயரம். பச்சை நிறச் சேலை. சற்று மனநிலை சரியில்லாதவர். அங்க வரும்போது வண்டி நின்ன மாதிரி இருந்துச்சு. எந்தக் கழுதையாவது குறுக்க வந்திருக்கும்னு நான் நிறுத்தாம வாசிச்சேன். அப்ப என் பக்கத்துல இருந்து ஒரு குரல். குழாய்க்குள்ள போய் ஊருக்கே கேக்குது.

"யாருக்குங்க மனநிலை சரியில்ல?"

கண்ணத் திறந்தேன். புஷ்பம் நிக்கா. இடுப்புல குடம். தெருவே வெளிய வந்து நிக்கி. அவ அக்கா ஒரு பக்கம், சகலை பரமசிவம் துண்டோட ஒரு பக்கம். எனக்குச் சந்தோசம் தாங்கல அண்ணாச்சி, அழுகையே வந்துருச்சு. ஆனா மைக்கு ஆன்ல இருக்குல்லா, மைக்குல நான் அழுததில்ல. அதனால தொண்டையச் செருமிக்கிட்டு, "எங்கட்டி போன"ன்னேன்.

"சொல்லிட்டுத்தான வந்தேன்"னா.

"யாரு அந்த நெட்டையன்"னு கேட்டேன். கேட்டுருக்கக் கூடாதுதான். ஆனா ஊரு சார்பா நான் கேக்க வேண்டியிருந்துச்சு. எந்த நெட்டையன்னு முதல்ல அவளுக்கே விளங்கல. அப்புறம் சொன்னா, "ஜவுளிக்கடை பொம்மைங்க. சட்டை மாட்டி வைப்பாவல்லா, அது. கடைப்பையன் ஒருத்தன் கொண்டு போனான். வெயில் படுதுன்னு சன்னலோரம் அவன் உக்காந்துக்கிட்டான், பொம்மைய என் பக்கத்துல வச்சான்." நாரணபுரமே சிரிச்சுது. சகலை துண்ட வாயில வச்சு அமுக்கிட்டுச் சிரிச்சான், அத நான் மறக்க மாட்டேன்.

சரி, ஏறு, வீட்டுக்குப் போவோம்னேன். அவ குடத்தக் கீழ வச்சா. சிரிக்கல. சத்தமும் போடல. "பச்சைச் சேலை கட்டின, மனநிலை சரியில்லாத பொம்பளையத்தான நீங்க தேடுதிய. அப்படி இந்த ஊர்ல யாரும் இல்ல. அடுத்த ஊர்ல பாருங்க"ன்னா. குடத்தத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. கொம்பையா மைக்க அணைச்சான். அதுக்குள்ள அவ சொன்னது எல்லாம் குழாய் வழியாப் போயிருச்சு, தெரு முழுக்க.

நான் நினைச்சேன், கோவம், ரெண்டு நாள்ல வந்துருவான்னு. ஊருக்கு வந்து "பொதுமக்களுக்கு நன்றி, தங்கபுஷ்பம் கிடைத்துவிட்டார்"னு வாசிச்சு முடிச்சேன். மை போட்டவரு தெக்கதான்னு அப்பவே சொன்னேனேன்னு மாலையே வாங்கிக்கிட்டாரு. நாரணபுரம் வடக்க இருக்குன்னு யாரும் பேசல.

அப்பத்தான் அங்கன்வாடி திறந்துச்சு. ஒரு பிள்ளை வரல அண்ணாச்சி. டீச்சர் மட்டும் உக்காந்திருக்காவ. தாய்மாரெல்லாம், "ஆயாவுக்கு மனநிலை சரியில்லையாம், அவ புருசனே மைக்குல சொல்லுதாரு, கொதிக்கிற சாம்பார் கிட்டப் பிள்ளைய எப்படி விட"ங்காவ. வேற ஆயா போடணும்னு மேல மனு குடுக்கப் போறாவளாம். இது புஷ்பத்துக்கும் போயிருக்கு. அவளுக்கு அந்தப் பிள்ளைகதான் உலகம். கொம்பையா போன்ல அவ அக்கா பேசுனா. "எந்தெந்தத் தெருவுல எல்லாம் சொன்னாரோ, அங்க எல்லாம் அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லணுமாம். சொன்னாத்தான் அவ பேசுவாளாம்."

சரின்னு கிளம்பினேன். "மருதடியூர் தங்கபுஷ்பம் அவர்களின் மனநிலை தற்போது நன்றாக உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." நல்லாத்தான இருக்கு? சாயங்காலம் வீட்டு வாசல்ல கூட்டம். எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து, எவ்வளவு நாள்ல குணமாச்சுன்னு கேக்காவ. ஒருத்தர் தன் மச்சினனக் கையோட கூட்டிட்டு வந்துட்டாரு. "தற்போது"ங்கிறத எடுத்துட்டு வாசிச்சேன். மருந்தக் கூட மறைக்கிறான்னாவ. "பூரண நலம்"னு வாசிச்சேன். எந்தக் கோயில்ல நேந்துக்கிட்டியன்னு கேட்டாவ. நான் என்ன வாசிச்சாலும் அவளுக்கு முதல்ல சரியில்லாம இருந்துச்சுங்கிறது மட்டும் போக மாட்டேங்குது.

கடைசியில கொம்பையா ஆட்டோவ அங்கன்வாடி முன்னால நிறுத்தி சாவிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டான். "மாமா, நீங்க வாசிச்சது தப்புன்னு சொல்லுங்க. இல்லன்னா வண்டி நகராது"ன்னான். எனக்கு வந்த கோவத்துல அவன அடிச்சிருப்பேன். தொழிலுக்கு வந்ததுல இருந்து வாசிச்சது தப்புன்னு ஒருநாளும் நான் வாசிச்சதில்ல. மைக்கக் கையில வச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். அங்கன்வாடி சன்னல் வழியாப் பாத்தா, அவ பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுத குட்டித் தட்டெல்லாம் கழுவிக் கவுத்தி வச்சிருக்கு. அப்புறம் சொன்னேன். கண்ண மூடாம சொன்னேன். "என் பொண்டாட்டிக்கு எப்பவும் ஒண்ணும் கிடையாது. வாய்ப்பழக்கத்துல சொல்லிட்டேன். தப்பு என்னுது." அவ்வளவுதான். ஏத்தமும் இல்ல இறக்கமும் இல்ல, கேவலமா இருந்துச்சு. கொம்பையா சாவியப் போட்டான், மத்தத் தெருவுக்கெல்லாம் போனோம். மறுநாள் பிள்ளைக எல்லாம் வந்துட்டு. வந்து, ஆயா எங்கன்னு டீச்சர் சேலையப் பிடிச்சு இழுக்காம்.

அப்ப புஷ்பம் வர வேண்டியதுதான? அக்கா போன்ல அவளே வந்தா. குரல் பைய, தணிஞ்சு இருக்கு. "அன்னைக்குக் காலையில அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னது கடைசியில. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க சரின்னு தலையாட்டினிய. நான் என்ன கேட்டேன்னு சொல்லுங்க, உங்க கூட வாரேன்"னா. வச்சிட்டா.

விடுவாவளா எங்க ஊர்ல? காணாமப் போனத விட இது பெரிய கேசாயிருச்சு. பெஞ்சு மறுபடி வந்துட்டு, டிரம்மு வந்துட்டு. தங்கபுஷ்பம் என்ன கேட்டா? நயினாரு, வளையல்தான் கேட்டிருப்பாங்காரு. ராஜகனி, கொடைக்கு அக்கா குடும்பத்தக் கூப்பிடணும்னு கேட்டிருப்பா, சகலை கூட ராசியாகச் சொல்லிருப்பாங்கா. டிரில் மாஸ்டர், அவரு இப்பத்தான் வெளிய தலை காட்டுதாரு, டிவோர்ஸுங்காரு. ஒருத்தன் ராமேஸ்வரம்ங்கான், ஒருத்தன் ஏ.சி. மெசினுங்கான். மை போட்டவரு வெத்தலையோட வந்து, "சதுரமா ஒண்ணு தெரியுது"ங்காரு. அது ஏ.சி.யாவும் இருக்கலாம், நிலமாவும் இருக்கலாம், என் ஆம்ப்ளிஃபயராவும் இருக்கலாம். எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு வாரேன் அண்ணாச்சி. போய் நின்னு ஒவ்வொண்ணா வரிசையா வாசிச்சிர வேண்டியதுதான். எதாவது ஒண்ணு சரியா இருக்காதா? சகலை வீடுன்னு மானத்தப் பாக்காம மிக்சரும் வாங்கிட்டேன். நீங்க என்ன நினைக்கிய? வளையலா, ராமேஸ்வரமா? நாலு ஊரு பாத்த ஆளு மாதிரி இருக்கிய, சொல்லுங்க.

என்னது?

அந்தச் சன்னலச் சாத்துங்க, காத்து அடிக்கி. இன்னொருக்கச் சொல்லுங்க.

காதுல விழலன்னு சொல்லவா? அவகிட்டயா? "எனக்குக் கேக்கல, திரும்பச் சொல்லு"ன்னா?

இல்ல, இத எங்க ஊர்ல ஒருத்தரும் சொல்லலையே. அத்தனை பேரு உக்காந்து அத்தனை டீ குடிச்சோம். கொம்பையா கூடச் சொல்லல. எனக்கும் தோணல. நான் யார்ட்டயும் இப்படிக் கேட்டதில்லயே அண்ணாச்சி. அவகிட்டயும் கேட்டதில்ல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னட்டின்னு ஒருநாளும் திரும்பிக் கேட்டதில்ல. அவ ஒண்ணு சொல்லுவா, நான் வேற ஒண்ணு சொல்லுவேன், பொழுது போயிரும்.

எப்படிச் சொல்லணும் இத? "புஷ்பம், எனக்குக் கேட்கவில்லை..." இல்ல, இது அறிவிப்பு மாதிரி இருக்கு. பக்கத்து சீட்டுல அந்தப் பொம்பளைப்பிள்ளை திரும்பிப் பாக்கி பாருங்க. பையச் சொல்லணும். எனக்குப் பையப் பேசத் தெரியாது. புஷ்பம், கேக்கல, திரும்பச் சொல்லுட்டி. இப்படியா? சரியா இருக்கா? ரெண்டாயிரம் பேரு முன்னால மைக்கப் பிடிச்சவன், இந்த ஒத்த வரிக்கு ஒத்திகை பாக்கேன்.

அவ மறுபடி சொல்ல மாட்டேன்னுட்டா என்ன செய்ய? ஒருக்கத்தான கேட்டா. நேரம் பாத்து, நின்னு, ஆசையா கேட்டிருக்கா. நான் தலையாட்டவும் சிரிச்சிருக்கா. என் பொண்டாட்டி நான் சரின்னு சொன்னதுக்காகச் சிரிச்சிருக்கா அண்ணாச்சி. அந்தச் சிரிப்ப ராஜகனி பாத்திருக்கா. நான் பாக்கல.

நாரணபுரம் வந்துட்டு. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பைய நிப்பாட்டுங்க, இறங்குதேன்.